சீரகம் பதினொரு மணிக்கு எங்கே போகிறான்

உங்கள் பூனைக்கு ஒன்றுமில்லை. தையல் போட்டு முடித்துவிட்டேன். மயக்கம் தெளிய இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அந்த நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்காருங்கள். கூண்டைத் திறந்து பார்க்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. மயக்கத்திலிருந்து எழும் பூனைக்கு வெளிச்சமும் ஆகாது, சத்தமும் ஆகாது. வீட்டுக்குப் போனதும் கட்டில் மேல் விடாதீர்கள், தள்ளாடி விழும். ஒரு மூலையில் பழைய வேட்டியை மடித்துப் போட்டுத் தரையில் விடுங்கள். இன்றைக்கு ஒரு நாள் நீங்கள் கொஞ்சாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பால் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்கக் கூடாது. வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். முப்பத்தோரு வருடமாகச் சொல்கிறேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், வீட்டுக்குப் போய்க் கொடுப்பார்கள். ஒரு வாய்தானே டாக்டர் என்பார்கள். பூனையைக் கெடுப்பது பகையாளி இல்லை. ஒரு வாய் கொடுத்துப் பேர் வாங்குகிறார்களே, அவர்கள்தான்.

கோபமாகப் பேசுகிறேனா? இல்லை. மருத்துவராகச் சொல்கிறேன்.

உள்ளே வரும்போதே இன்னொன்றும் கேட்டீர்கள், உங்களுக்குச் சொந்தமாகப் பூனை இருக்கிறதா என்று. இருக்கிறது. பெயர் சீரகம். சாம்பலில் வரி போட்ட ஆண் பூனை. சீரகத்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும், அதே நிறம், அதே கோடு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து யாரோ என் வாசலில் விட்டுப் போனார்கள். இரண்டு கண்ணும் சீழ் பிடித்து ஒட்டியிருந்தது. மூன்று வாரம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டுத் திறக்க வைத்தேன். கண் திறந்து அவன் இந்த உலகத்தில் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கீழே மருத்துவமனை, மேலே வீடு. வீட்டில் நானும் சீரகமும்தான். எங்கள் குடும்பம் பரம்பரைச் சைவம். ஆனால் பூனை சைவமாக இருக்க முடியாது. இருக்க வைத்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். இதையும் எல்லோருக்கும் சொல்கிறேன். அதனால் அவனுக்குப் பொட்டலத் தீவனம். பொட்டலத்துக்குள் கோழி இருக்கிறது, எனக்குத் தெரியும். பொட்டலத்தில் இருக்கும்வரை அது தீவனம். ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து கிராம், காலையில் பாதி, மாலையில் பாதி. மாதம் பிறந்தால் எடை பார்ப்பேன். நாலு கிலோ இருநூறு. வளர்ந்ததிலிருந்து போன வருடம் வரை அதே எடை. பாளையங்கோட்டையில் இப்படி வளர்ந்த பூனை இன்னொன்று கிடையாது.

மடியில் உட்காருவானா என்று கேட்க வருகிறீர்கள். உட்கார்ந்ததில்லை. அதனால் என்ன? மடிக்கு வராத பூனைக்குப் பாசம் இல்லை என்று நினைப்பது அறியாமை. பூனை நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அதுதான் பாசம். சீரகம் எத்தனையோ தடவை என்னைப் பார்த்து அப்படிச் செய்திருக்கிறான். சில தடவை தூக்கக் கலக்கமாகவும் இருந்திருக்கலாம். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருடம் ஆனி மாதம் அவன் எடை நாலரை ஆனது. தீவனத்தை நாற்பத்தைந்தாகக் குறைத்தேன். அடுத்த மாதம் நாலு எண்ணூறு. நாற்பதாகக் குறைத்தேன். அந்த நாற்பதிலும் கிண்ணத்தில் மீதி வைத்தான், எடையோ ஐந்தைத் தாண்டியது. சாப்பிடாமலே ஒரு பூனை எப்படிப் பருக்கும்? இரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். எல்லாம் சரி என்று வந்தது. எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். சுரப்பிக் கோளாறாக இருக்கலாம் என்று நானே மூன்று நோய்க்குப் பெயர் சொல்லியிருந்தேன். இதே கதையை நீங்கள் வந்து சொல்லியிருந்தால் என் முதல் கேள்வி, வெளியே யாராவது போடுகிறார்களா என்பதுதான். எனக்கு அது தோன்றவே இல்லை. ஏனென்றால் அவன் என் பூனை.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகப் பச்சை ஜாக்கெட் ஒன்று தைக்கக் கொடுத்திருந்தேன். எங்கள் பின் மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் என்று ஒரு தையல்காரி. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். தையல் நன்றாகத்தான் இருக்கும், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஜாக்கெட் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள் துணித் தையலில் முடி. பூனை முடி. நுனி கறுப்பு, நடுவில் கோதுமை நிறம், அடி சாம்பல். தோலில் வரும் படையைப் பரிசோதிக்க வைத்திருக்கிறேனே, அந்த நுண்ணோக்கி, அதில் வைத்துப் பார்த்தேன். சீரகத்தின் முடியையும் ஒன்று பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். சந்தேகம் என்றால் உறுதி செய்ய வேண்டும், அதுதான் முறை.

ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கை சரியாகவே இருந்தது. சோதனை போடப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டா போவார்கள்?

மணி பதினொன்றேகால் இருக்கும். அவள் மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். மடியில் சீரகம். வயிற்றை மேலே காட்டி, நாலு காலையும் விரித்து, வாயைக் கொஞ்சம் திறந்து தூங்குகிறான். ஒரு பூனை வயிற்றைக் காட்டித் தூங்குகிறது என்றால் என்ன பொருள் தெரியுமா? இந்த இடத்தில் எனக்கு எந்தப் பயமும் இல்லை என்று பொருள். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவள் மிதிக்க மிதிக்க முழங்கால் ஏறி இறங்கியது, அதோடு அவனும் ஏறி இறங்கினான். பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு, அதில் சாளை மீன் முள்.

"வாங்க டாக்டரம்மா. எந்திரிக்க முடியல, தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளை தூங்குதாரு" என்றாள்.

மாப்பிள்ளையாம்.

யார் வீட்டுப் பூனை என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"யாரு கண்டா? எந்தப் புண்ணியவதி வளக்காளோ, பட்டினி போட்டே கொல்லுதா. இது நக்குத நக்குல இந்தத் தட்டுல இருந்த பூவெல்லாம் அழிஞ்சு போச்சு, பாருங்க."

தட்டில் பூ அழிந்துதான் இருந்தது. அப்போது சீரகம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். மெதுவாக மூடினான். பாசம்தான். ஆனால் திறக்கவில்லை.

அது என் பூனை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஊரில் இருக்கிற பூனைக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவள், என் பூனை இங்கே சாப்பிட வருகிறது என்றா சொல்வேன்? மருத்துவராக ஒரு புத்தி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பூனை அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறது, மீன் போடாதீர்கள், மூட்டு கெடும், சர்க்கரை வரும் என்றேன். பூனை மீன் தின்னாம பின்ன கார்த்திகை விரதமா இருக்கும் என்று சிரித்தாள். எங்கள் வீடு சைவம் என்று தெரிந்தே சொன்னாளோ என்னவோ.

அன்றைக்கே எல்லா ஜன்னலையும் அடைத்தேன். வெளியே போய்ப் பழகிய பூனையைத் திடீரென்று அடைத்து வைக்கக் கூடாது. வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், ஏறி உட்கார உயரமாக இடம் வேண்டும், ஜன்னலோரம் வேடிக்கை வேண்டும். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கெல்லாம் அவகாசம் இல்லை. மூன்று நாள் அடைத்தேன். அவன் பத்தரை மணிக்கு மீன்காரர் ஹாரன் அடித்ததும் கதவடியில் போய் உட்கார்ந்து கத்தினான். என் படுக்கையை நனைத்தான். நோயாளிப் பதிவேட்டை நனைத்தான். நாலாவது நாள் மாடிப் படிக்கட்டின் வெளிச்ச ஓட்டை வழியாக நுழைந்து, அங்கிருந்து மதிலுக்குத் தாவினான். நேராக அங்கே போயிருக்கிறான். மாலையில் முன்னங்கால் நொண்டிக்கொண்டு வந்தான்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். இனி அடைத்துப் பயனில்லை என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். வலி மருந்து கொடுத்தேன், அவன் எடைக்குச் சரியாக, ஒரு நாளைக்கு ஒரு வேளை, மூன்றே நாள். பூனைக்கு வலி மருந்து கத்தி முனையில் நடப்பது மாதிரி. மனிதர்கள் போடும் காய்ச்சல் மாத்திரை பாதி கொடுத்தாலே செத்துப்போகும். வேறு எதைக் கேட்காவிட்டாலும் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

மறுநாள் காலை தங்கபுஷ்பம் இங்கே வந்தாள். இதோ நீங்கள் இருக்கும் இந்தக் கூடத்துக்குத்தான். நாலு பேர் கூடையோடு காத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கால் நொண்டுகிறது, சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஏதாவது மருந்து கொடுங்கள் என்று கேட்டாள். அது என் பூனை, மருந்து கொடுத்தாயிற்று. ஐந்தே சொல். நாலு பேர் முன்னால் அந்த ஐந்து சொல்லைச் சொன்னால், பட்டினி போட்டுக் கொல்லும் புண்ணியவதி யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் தைத்த துணியைக் கொடுக்க நாற்பது வீடு ஏறி இறங்குகிறவள். அதனால், ஒன்றும் கொடுக்க வேண்டாம், தானாகச் சரியாகும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

"தொட்டுக்கூடப் பாக்காம சொல்லுதீங்களே. தெருப் பூனைன்னா எளக்காரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் சீரகம் சுருண்டு படுத்துவிட்டான். வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே தலையை வைத்துக்கொண்டு கிடந்தான். இரத்தம் பார்த்தேன். சிறுநீரகம் பாதி வேலை செய்யவில்லை. நான் கொடுத்த அளவை மூன்று தடவை சரி பார்த்தேன். தப்பு இல்லை. என் கணக்கில் தப்பு இருக்காது. அப்புறம் யோசித்தேன். சமையலறைச் செருப்போடு பின் தெருவுக்கு ஓடினேன்.

மெஷின் இழுப்பறையில் இருந்து அவள் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். அதே மருந்து. நான் கைவிட்ட அன்றைக்கே அவனைக் கட்டைப் பையில் வைத்து, பஸ் ஏறி, டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார், ஒரு வேளை, மூன்று நாள். ஏற்கெனவே இங்கே மருந்து உள்ளே போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இவள் சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு வேளையாகப் போட்டிருக்கிறாள். அதைக்கூட விடுங்கள். கட்டைப் பையில், பஸ்ஸில், அவன் சத்தமே போடவில்லையாம். இந்த மேஜைக்கு அவனைத் தூக்கி வர எனக்குத் துண்டு வேண்டும், தோல் கையுறை வேண்டும். பாருங்கள், இந்தக் கீறல் அவன் போட்டது. டவுன் வரைக்கும் போய் வந்திருக்கிறான், முகத்தை மட்டும் வெளியே நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் சொன்னேன். அது என் பூனை என்று.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னைக்கே ஏன் டாக்டரம்மா சொல்லல?" என்றாள்.

கேள்வி கேட்கிற நேரமா அது? உயிருக்குப் போராடுகிற பூனையை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம்.

மாடியில் என் அறையிலேயே வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினேன். இரண்டு நாளில் இரத்தப் பரிசோதனை எண் இறங்க ஆரம்பித்தது. ஆனால் அவன் சாப்பிடவில்லை. நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பயமில்லை. பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், அதுவே கொன்றுவிடும். மூக்கு வழியாகக் குழாய் விட மயக்கம் கொடுக்க வேண்டும். அந்தச் சிறுநீரகம் மயக்கத்தைத் தாங்காது. தீவனத்தைச் சூடாக்கி வைத்தேன். குழைத்து ஊசிக்குழாயில் எடுத்து வாயில் விட்டேன். துப்பினான். என் கை அருகில் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையில் ஸ்பிரிட் வாடை, அதுதான் காரணம். சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவினேன். அப்போதும் திருப்பிக்கொண்டான்.

தங்கபுஷ்பம் காலையும் மாலையும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி உள்ளே விடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை நானே இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தேன். மேலே கையைக் காட்டினேன். அவள் வீட்டுக்குப் போய் ஒரு தூக்குவாளியோடு வந்தாள்.

அவித்த சாளை. எங்கள் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா, யார் காலத்திலும் அந்த வாசல்படி தாண்டாத சாமான். என் அம்மா படத்துக்குக் கீழேதான் அவள் உட்கார்ந்தாள். முள் எடுத்து, உப்புப் போடாத மீனை விரலில் கொஞ்சம் தடவி, அவன் மூக்குக்குப் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. கெஞ்சவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் திரும்பி என் ஜன்னல் திரையில் தையல் பிரிந்திருந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "இதை ஒரு நாள் கொண்டாங்க, அடிச்சுத் தாரேன்" என்றாள். நான் எப்போது முடியும் என்று நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். நாக்கு வெளியே வந்தது. விரலை நக்கினான். அப்புறம் தலையைத் தூக்கினான்.

பதினாறு கிராம் சாப்பிட்டான். மிச்சத்தை நான் எடை போட்டேன். எனக்குக் கண் எரிந்தது. மீன் வாடை பழக்கமில்லை.

ஒன்பது நாள் அவள் வந்து போனாள். அவன் பிழைத்தான். என் மருந்தில் பிழைத்தான், அதை அவளும் எல்லோரிடமும் சொல்கிறாள், சொல்லத்தான் வேண்டும்.

எழுந்து நடந்ததும் பதினொரு மணிக்கு மதிலேறினான். சரி, போகட்டும் என்று விட்டேன், நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன், இனி ஆயுசுக்கும் மீன் கூடாது, சிறுநீரகம் தாங்காது என்று. ஆண்டவர் மேல் சத்தியமாகக் கொடுக்க மாட்டேன் என்றாள். தினமும் பதினைந்து கிராம் தீவனம் டப்பாவில் போட்டு நானே அனுப்புகிறேன்.

உண்மையைச் சொன்னால், இரண்டாம் மாதமே அவன் சிறுநீரகம் நல்ல நிலைக்கு வந்துவிட்டது. வாரம் ஒரு துண்டு மீன் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஓர் எச்சரிக்கைக்காகத்தான். அவளோ மீன்காரரிடம் வாங்குவதையே விட்டுவிட்டாள். அவள் தட்டில் மீன் இருந்தால் மாப்பிள்ளை கேட்பாராம், இல்லை என்று சொல்ல மனசு வராதாம். தெருவில் இதை எல்லோரும் பெரிய தியாகமாகப் பேசுகிறார்கள். நாங்கள் பரம்பரை பரம்பரையாகச் சாப்பிடுவதில்லை, எங்களை யார் என்ன பாராட்டினார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீனுக்காகத்தான் போகிறான் என்றுதான் நான் இருந்தேன். மீன் நின்று ஏழு மாதம் ஆகிறது. அங்கேயும் என் தீவனம், இங்கேயும் என் தீவனம். அப்படியும் போகிறான். டப்பாவில் பதினைந்தைப் பத்தாக்கினேன். போனான். ஒரு வாரம், பரிசோதனைக்காக வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொல்லி, டப்பாவே அனுப்பவில்லை. அப்போதும் போய், நாலு மணி வரை இருந்துவிட்டு, மீசையில் நூலோடு வந்தான். சாப்பாடு இல்லாத இடத்துக்கு ஒரு பூனை ஏன் போக வேண்டும்? அவளிடம் என்ன இருக்கிறது? பூனையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கிறாள், தள்ளி வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவள் செய்வதெல்லாம் உட்கார்ந்திருப்பதுதான்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். அதிர்வு. மெஷினை மிதிக்கும்போது முழங்காலில் ஓர் அதிர்வு வருகிறது. பூனைகள் தொண்டைக்குள் குர் குர் என்று சத்தமிட்டுத் தங்களை ஆற்றிக்கொள்ளும், ஏறக்குறைய அதே தாளம். இதைப் பேராசிரியருக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. போன திங்கட்கிழமை பழைய கால்மிதி மெஷின் ஒன்று வாங்கி மாடியில் போட்டிருக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது. துணி எதற்கு? மிதித்தால் போதும்.

நாலு நாளாக மிதிக்கிறேன். முதல் நாள் வாசலில் நின்று பார்த்தான். அது நல்ல அறிகுறி. புதுச் சாமானைப் பூனை உடனே ஏற்காது, நாளாகும். நீங்களும் வீட்டில் புதிதாக எதை வைத்தாலும் அவசரப்படாதீர்கள்.

மணி என்ன, பத்து ஐம்பதா? உங்கள் பூனை எழுந்திருக்க இன்னும் நேரம் இருக்கிறது. நான் மேலே போய்ப் பதினைந்து நிமிடம் மிதித்துவிட்டு வருகிறேன். நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் பின் மதில் தெரியும். அவன் ஏறிப் போனால் என்னைக் கூப்பிட வேண்டாம். எத்தனை மணிக்குப் போனான் என்று மட்டும் பார்த்து வையுங்கள். நேற்றைவிட ஒரு நிமிடம் தாமதமாகப் போனாலும் சரிதான்.